ஆறாவது உருவம்

"அந்தப் பித்தளைக்காரிக்குக் கை வரவில்லை, மகாராஜா. என் கணக்கு சரிதான்."

பட்டறையைத் திறந்துவிடும்படி கேட்க வந்த பித்தளை வேலைக்காரி பூவாயி, கதவருகே இதைக் கேட்டுவிட்டாள். சொன்னவர் அரண்மனைச் சோதிடர் தாண்டவர். ஏழு கோள்களுக்கு நடுவே ஆறு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும், எல்லா முகங்களும் பக்கங்களும் மூலைகளும் ஒன்றுபோல் அமைந்த ஒரு திண்ம உருவம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. கிடைத்தவை ஐந்துதான். ஆறாவதை அறுகோணத் தகடுகளால் செய்யச் சொன்னார். அவள் முடியாது என்றதும் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூவாயி கையிலிருந்த அறுகோணத் தகடுகளோடு உள்ளே போய்க் கும்பிட்டாள்.

"பட்டறையைப் பூட்டுறதுக்கு முன்னாடியே தகடெல்லாம் வெட்டியாச்சு, சாமி. வேலைக்கு நல்ல நாள் குறிச்ச சோதிடர்தான் முதல் மூலையைப் பொருத்தணும். எங்க பட்டறை வழக்கம்."

"அதுகூட எனக்குத் தெரியாதா? கொடு!"

தாண்டவர் மூன்று தகடுகளை ஒரு முனையில் சேர்த்தார். அவை இடைவெளியில்லாமல் தரையோடு தரையாகப் படிந்தன. தூக்கி மடக்கப் பார்த்தார், ஒன்றையொன்று இடித்தன. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் சேர்த்தார், மூலையே வரவில்லை.

"என்ன சோதிடரே?" என்றார் அரசர்.

தாண்டவர் தகடுகளை மறுபடி அடுக்கிப் பார்த்தார்.

"தளம் போட நல்லா இருக்கும், சாமி," என்றாள் பூவாயி. "உருவத்துக்கு மூலை வேணுமே."

தாண்டவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.