நிற்காத பந்து

பந்தாட்டத்தில் அரசரையே வென்றுவிட்ட குற்றத்திற்காகக் குதிரைக்காரன் மருதன் சிறைப்பட்டான். "ஒரு தந்தப் பந்தைத் தரையில் விட்டால் அது துள்ளி நிற்கும்வரை இவன் சிறையில் கிடக்கட்டும்" என்றார் அரசர்.

அவைக் கணிதர் விருத்தகிரிப் பண்டிதர் எழுந்தார். "பிரபு, ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் பாதியாகும். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் ஒருநாளும் பூஜ்யம் வராது. ஆகவே பந்து நிற்காது. இவனுக்கு விடுதலையும் இல்லை."

அவை கைதட்டியது. பந்தை விட்டுப் பார்க்க எவரும் முனையவில்லை.

பெருக்குபவர்கள் அவையில் வாய் திறக்கலாகாது என்பது அங்கே வழக்கம். மருதன் சிறைப்பட்ட பதினோராம் ஆண்டில், அவையைப் பெருக்கிவந்த அவன் மனைவி வேலாத்தாள் அதை மீறிப் பண்டிதரிடம் கேட்டாள்.

"சாமி, உயரம் குறைந்தால் துள்ளும் நேரமும் குறையுந்தானே?"

"குறையும். அதற்கென்னடி இப்போது?"

"குறைந்துகொண்டே போகிற நேரங்களை எல்லாம் கூட்டினால் நாலு மூச்சுகூட வராதே, சாமி! எண்ணி முடியாத துள்ளலும் அதற்குள் முடிந்துவிடும். விட்டுத்தான் பாருங்களேன்."

அரசர் தலையசைத்தார். பண்டிதர் பந்தை விட்டார். டொக், டொக், டொக்டொக் என்று ஒலி நெருங்கியது. பந்து சற்றே உருண்டு, நின்றது. பண்டிதர் தலைகுனிந்தார்.

சிறை திறந்தது. பார்வை மங்கிப்போன மருதன் சுவரைத் தடவியபடி வந்து, "யாரம்மா நீங்கள்?" என்று மனைவியைக் கேட்டான்.

அன்பர்களே, உங்கள் துயருக்கு முடிவே இல்லை என்று எவரேனும் கணக்குக் காட்டினால், அன்றைக்கே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காலம் கடந்து வரும் நியாயத்தை வரவேற்க ஆள் மிஞ்சுவதில்லை.