அழுங்கு காத்த கூடு

ஒரு காட்டில் மழை விட்ட பிறகும் மூங்கில் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். யாரோ மெல்ல நடந்து வருவது போலக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்தக் காட்டில் குட்டிகளுக்குக் காவலாக ஓர் அழுங்கு இருந்தது. எறும்பும் கறையானும் தின்று வாழும் பிராணி அது. உடம்பு முழுவதும் ஓடு போன்ற செதில். ஒரு குட்டியை நடுவில் வைத்து அது சுருண்டுகொண்டால் புலியின் பல்லும் உள்ளே இறங்காது. அதனால்தான் விலங்குகள் எல்லாம் கூடி அதனிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தன. ஒரு குட்டி பெற்றவளிடமே இருக்கலாமா, பிரித்து வேறிடம் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வதும் அதுதான்.

ஒருநாள் மைனா பறந்து வந்தது. அடுத்த வீட்டுக் கதை என்றால் மைனாவுக்கு இரையே வேண்டாம்.

"அழுங்கக்கா, அந்தக் கரடி வீட்டைப் போய்ப் பாருங்கள். குகையா அது? குப்பைமேடு! குட்டிக்கு உதடு வீங்கிக் கிடக்கிறது. வளர்க்கத் தெரியாதவளுக்கு எதற்குப் பிள்ளை?"

அழுங்கு போய்ப் பார்த்தது. மைனா சொன்னது பொய்யில்லை. குகை நாறியது. குட்டியின் உதடு வீங்கியிருந்தது. விலா எலும்பும் தெரிந்தது.

"உதட்டுக்கு என்னடா ஆயிற்று?"

"தேனீ கொட்டிவிட்டது. அம்மா போகாதே என்றாள். நான்தான் போய் மூக்கை நுழைத்தேன்."

"சொன்னால் கேட்டால்தானே! கழுதை!" என்று கரடி உறுமியது.

உறுமல் கேட்டதும் குட்டி ஓடியது. ஓடிப்போய் அந்தக் கரடியின் வயிற்று மயிருக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அழுங்கு அதைச் சற்று நேரம் பார்த்தது.

"மழையில் இரை கிடைக்கவில்லையா?"

"கிடைத்தால் இவன் ஏன் இப்படி இருக்கிறான்?"

"கிழக்குச் சரிவில் எனக்கென்று ஒரு கறையான் புற்று வைத்திருக்கிறேன். நீ தோண்டிக்கொள்."

மைனா வாசலில் நின்று கத்தியது. "அவ்வளவுதானா? பிரிக்கப் போவதில்லையா?"

"இவனுக்குப் பசி. அம்மாவைப் பிடுங்கினால் பசி போய்விடுமா?"

"நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம்! தாய் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன், வாருங்கள்."

மைனா மூங்கில் அடர்ந்த பள்ளத்துக்கு அழைத்துப் போயிற்று. குழந்தைகளே, அங்கே பகலிலும் வெளிச்சம் இறங்காது. பறவைகள் கூவுவதில்லை. மைனாகூடத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

பனிமூட்டத்துக்கு நடுவே சருகுகளைக் குவித்துக் கட்டிய கூடு ஒன்று. அதன்மேல் சுருண்டிருந்தது ராஜநாகம்.

"முட்டையிட்ட நாளிலிருந்து ராணியம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை" என்றது மைனா. "வந்த யானையையே படமெடுத்து நின்று திருப்பி அனுப்பினாள். இவளல்லவா தாய்!"

அழுங்கு அருகில் போனது. "ரொம்பப் பசியா, அம்மா?"

"காதில் இரைச்சலாகக் கேட்கிறது பசி. கேட்கட்டும். என் கண்மணிகள் முதலில் பிறக்கட்டும்."

"வழக்கமாக என்ன சாப்பிடுவாய்?"

"பாம்புதான். சாரை, விரியன், எது அகப்பட்டாலும். வேறெதுவும் எனக்கு இறங்காது."

மைனா கிளையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

"முட்டைக்குள் இருப்பது?" என்று அழுங்கு கேட்டது.

ராஜநாகம் சிரித்தது. "என் பிள்ளைகள்."

"போன மழைக்காலத்துப் பிள்ளைகள் எங்கே?"

"அவர்கள் பேச்சை எடுக்காதே, நன்றி கெட்டவர்கள்! நான் உறங்கியபோது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். விழித்துப் பார்த்தால் வெறும் முட்டைத் தோல்தான் கிடந்தது."

"அத்தனை நாள் பட்டினி கிடந்தாயே, விழித்ததும் இரை தேடிப் போனாயா?"

"இல்லை" என்றது ராஜநாகம். பிறகு யோசித்து, மெல்லச் சொன்னது. "அன்று எனக்குப் பசியே இல்லை."

சருகுக்குள்ளிருந்து ஏதோ கீறுகிற சத்தம் கேட்டது.

"நான் இவர்களைப் பிரிக்கப் போகிறேன்" என்றது அழுங்கு. "நீ இப்போதே ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடு."

ராஜநாகம் சீறி எழுந்தது. "என் பிள்ளைகளைப் பிரிக்க நீ யார்? குட்டியைப் பட்டினி போட்ட கரடியை விட்டுவிட்டாய். பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கிறவளிடம் வந்து நிற்கிறாயே!"

"அந்தப் பட்டினிதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

"இவர்கள் என் உயிர்!"

"தெரியும். உன் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை."

அப்போது ஒரு முட்டை கிழிந்தது. கறுப்பாக ஒரு சின்னத் தலை வெளியே வந்து, நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது.

ராஜநாகத்தின் பேச்சு நின்றுபோயிற்று. கழுத்து தானாக உயர்ந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆனால் அந்தக் கண்களுக்குள் ஒருவரும் இல்லை.

அழுங்கு உருண்டு வந்து குஞ்சைச் சுற்றிச் சுருண்டது. மறுகணம் செதிலின்மேல் பல் மோதியது. நஞ்சு மெல்ல வழிந்து சருகில் இறங்கியது.

வெகுநேரம் கழித்து ராஜநாகம் கேட்டது. "நான் யாரைக் கொத்தினேன்?"

"என்னை."

"யாரைக் கொத்த வந்தேன்?"

அழுங்கின் சுருளுக்குள் குஞ்சு நெளிந்தது.

ராஜநாகம் தலையைத் தாழ்த்தியது. கூட்டை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு பனிக்குள் போய்விட்டது. ஆற்றுநீர் விலகும் ஓசை மட்டும் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு அழுங்கின் வாலருகே நெளிந்தன. அப்போது அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எல்லாரும் வந்துவிட்டார்களா?"

"வந்துவிட்டார்கள்."

"யாராவது என்னைக் கேட்டார்களா?"

"எல்லாரும் கேட்டார்கள்."

"தூரமாக அனுப்பிவிடு" என்றது அந்தக் குரல். "எந்தத் திசையில் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே."

நீதி: வறுமையையும் முரட்டுப் பேச்சையும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிக்காதே; பெற்றவளாலேயே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால், அவள் பாசத்தைக் காரணம் காட்டிப் பிரிக்காமல் இருக்காதே.