காலியாக விட்ட கட்டம்

“பரீட்சை பாஸ் பண்ணியாச்சு. மூணு வருஷம் உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டாச்சு. இன்னும் என்ன மேடம் பாக்கி?” என்று உலகம்மாள் கேட்டார்.

ஆடிட்டர் சபூரா கையிலிருந்த தாளை அவர் பக்கமாகத் திருப்பித் தள்ளினார்.

“ஒரு கட்டம் காலியா இருக்குக்கா.”

குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யைக்கு நாற்பத்தேழு. தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவர்களுடைய ஆபீஸ். சிஷ்யை குருவை மேடம் என்பார். குரு சிஷ்யையை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகுதான் உலகம்மாள் ஆடிட்டர் படிப்பில் சேர்ந்தார். இடைநிலைத் தேர்வை ஆறு தடவை எழுதினார். கடைசித் தேர்வை இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்த அன்று சாமி விளக்கை ஏற்றிவிட்டு, மறுபடி புத்தகத்தை எடுத்தார்.

எட்டாவது தடவையில் அவர் பெயர் வந்துவிட்டது.

ஆனால் பரீட்சை மட்டும் போதாது. ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் முழுசாக வேலை பழகியிருக்க வேண்டும். பழகினார் என்று அந்த ஆடிட்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் போனால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் கதவில் போர்டு மாட்டலாம்.

அந்தத் தாள்தான் இது.

பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், முடித்த நாள், எல்லாவற்றையும் உலகம்மாள் அழகாக நிரப்பியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

‘அனுமதித்த அளவுக்கு மேல் எடுத்த விடுப்பு: எத்தனை நாள்?’

“அதை நீங்களே போட்டுக்கலாமே மேடம். ரிஜிஸ்டர் உங்ககிட்டதானே இருக்கு.”

“வேலை செஞ்சவங்க முதல்ல எழுதணும். அப்புறம்தான் நான் கையெழுத்துப் போடுவேன். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். மூன்று வருஷமாக அந்த ஆபீஸின் வழக்கமே அதுதான்.

உலகம்மாள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து மேஜை ஜெபா, இனிமேல் பெரிய ஆடிட்டரம்மா நம்ம கூடெல்லாம் டீ குடிப்பாங்களா என்று சீண்டினாள். உலகம்மாள் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பு படி இறங்கும்வரைகூடத் தாங்கவில்லை.

விஷயம் இதுதான்.

முந்தின வருஷத்துக்கு முந்தின ஏப்ரலில் அவர் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மை இறங்கியிருக்கிற வீட்டிலிருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, யாரும் வெளியே நாலு பேர் மத்தியில் போகமாட்டார்கள். உலகம்மாளும் ஆபீஸுக்குப் போகவில்லை. ஆனால் அந்த வருஷத்து லீவு முழுவதும் பரீட்சைக்குப் படித்ததிலேயே தீர்ந்திருந்தது.

அது பேங்க் ஆடிட் நேரம். ஆபீஸ் இரண்டு குழுவாகப் பிரிந்து இரண்டு ஊர்க் கிளைகளுக்குப் போயிருந்தது. அக்கா அந்தப் பக்கம் இருப்பார் என்று இவர்கள் நினைத்தார்கள். இந்தப் பக்கம் இருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியூர் ஆடிட் முடிந்து வந்தால் எல்லாரும் உட்கார்ந்து, விட்டுப்போன நாள்களுக்கெல்லாம் ரிஜிஸ்டரில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஜெபா போட்டுவிட்டு நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவையும் கொடுத்தாள். உலகம்மாளும் போட்டார்.

பதினொரு கையெழுத்து.

போட்டு முடித்த பிறகுதான் செய்தது உறைத்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளைக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அன்றைக்கு வீட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பூஜ்யம் போட்டால் போதும். ரிஜிஸ்டரும் பூஜ்யம் என்றுதான் சொல்லும். உண்மையைச் சொன்னால் மூன்று வருஷமும் செல்லாது என்று சொல்லிவிட்டால்? நாற்பத்தேழு வயதில் மறுபடி முதலிலிருந்தா?

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு கட்டத்தை நிரப்ப ஒரு சாயங்காலமா, இந்த வேகத்தில் போனால் ஊர்க் கணக்கெல்லாம் என்ன ஆகிறது என்று கேலி செய்தார். உலகம்மாள் தலை நிமிராததைப் பார்த்து, சத்தமில்லாமல் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

உலகம்மாள் அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கையெழுத்து வாங்கிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. ‘அம்மா, அந்தக் கட்டத்துல எது எழுதணுமோ அதை எழுத வை’ என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனபோது கட்டம் காலியாகத்தான் இருந்தது.

“மேடம், ஒரு சந்தேகம். ஒருத்தங்க அந்தக் கட்டத்தைத் தப்பா எழுதிட்டாங்கன்னு வைங்க.”

“யாரு?”

“பொதுவாத்தான் கேக்கேன்.”

சபூரா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து, தூசியைத் தட்டி, அதிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தார். பழுத்துப்போன தாள். இதே படிவத்தின் நகல்.

உலகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

பெயர்: சபூரா பீவி.

அதே கட்டத்தில், இளம் வயசுக் கையெழுத்தில், ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. அழிக்கவில்லை, கிறுக்கவில்லை. அடியில் இருக்கும் எழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் ‘நாற்பத்து மூன்று’. அதன் ஓரத்தில் இரண்டு பேருடைய சுருக்கொப்பம்.

உலகம்மாள் மறுபடியும் படித்தார்.

“நாப்பத்தி மூணா?”

“எனக்கு அப்பத்தான் கல்யாணம். எங்க ஆடிட்டர் சாருக்குச் சொல்லப் பயம். மனுஷன் அப்படிக் கத்துவாரு.”

“கத்தினாரா?”

“கத்தினாரு. கத்திட்டு, சாப்பிட்டியாம்மான்னு கேட்டாரு.”

உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போனவர் துடைக்காமலே மடியில் வைத்தார். வேப்பிலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு ஊர், இரண்டு குழு, ஜெபா நீட்டிய பேனா. நடுவில் ஒரு தடவை சபூரா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உலகம்மாள் சொல்லி முடித்ததும் சபூரா கேட்டார்.

“எத்தனை நாள்?”

“பதினொண்ணு.”

சபூரா அந்த வருஷத்து ரிஜிஸ்டரை எடுத்து ஏப்ரல் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

உலகம்மாள் பையைத் துழாவி, வெள்ளை பூசி எழுத்தை மறைக்கிற பேனாவை எடுத்தார். சபூரா அதை வாங்கி, மூடி, மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார். நீல மைப் பேனாவைக் கொடுத்தார்.

உலகம்மாள் முதல் கையெழுத்தின்மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ‘விடுப்பு’ என்று எழுதினார். சுருக்கொப்பம் வைத்தார். கோடு வளைந்துவிட்டது.

இரண்டாவதும் வளைந்தது.

ஐந்தாவது நேராக வந்தது.

பதினொன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டதைக் கேட்டு, பக்கத்து மேஜையிலிருந்து ஜெபா திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கணக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சபூரா ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பிறகு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உலகம்மாள் அந்தக் கட்டத்தில் ‘பதினொன்று’ என்று எழுதினார்.

எழுதிவிட்டுக் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

“மூணு வருஷமும் போயிருமா மேடம்?”

சபூரா சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி வந்தார். விரலை வைத்து எண்ணினார். இன்றைக்குத் தேதி இரண்டு, செவ்வாய்க்கிழமை. நாளையிலிருந்து சனிக்கிழமை வரை நாலு நாள். அடுத்த வாரம் ஆறு. ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது.

“பதினஞ்சாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் முடியுது. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“என்ன முடியுது?”

“எடுத்த லீவை வேலை செஞ்சு ஈடு கட்டணும்க்கா. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. நாளைக்கு ஒம்பதரைக்கு வந்துருங்க. கூட்டுறவுச் சங்கத்து ஃபைல் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.”

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை.

வாசல்வரை போனவர் நின்றார்.

“மேடம், இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

சபூரா நாள்காட்டியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“பதினோரு நாள் ஆகியிருக்கும்க்கா.”