நடுவர் தூங்கிய கூடம்

அந்த வருஷம் தேசியக் கட்டடக் கலை விருதுக்கு நடுவர்கள் அஞ்சு பேர். தலைவி ஜெசிந்தா மேடம். அவரிடம் படித்து, நாற்பதும் தாண்டி, இப்போது அவரோடு சமமாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் செண்பகவல்லி. சமமாவது ஒண்ணாவது! மேடம் இருமினால்கூட வல்லி எழுந்து நின்றுவிடுவாள்.

கடைசிச் சுற்றில் இரண்டு கட்டடங்கள் மிஞ்சின. வடக்கே ஒரு கண்ணாடி அருங்காட்சியகம். தெற்கே ஒரு அரசு ஆஸ்பத்திரியில், நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குகிற கூடம். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், அவ்வளவுதான்.

அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போடப்போவதாகப் பேச்சு. விருது வந்தால் கூடம் பிழைக்கும். வராவிட்டால் அத்தனை சனமும் மறுபடி மரத்தடியில் படுக்கவேண்டியதுதான். அதனால் வல்லி வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

விருதுக்கு ஒரு விதி உண்டு. அஞ்சு பேரும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷம் யாருக்கும் கிடையாது. நாலு பேர் கூடத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். டெல்லி சக்சேனாதான் முரண்டு. மகா கறார் பேர்வழி. கண்ணாடிக் கட்டடத்தை முன்னாலும் பின்னாலும் போட்டோ எடுத்துத் தள்ளியவர். கட்டடங்களைப் பார்க்க ஊர் ஊராகப் போன வழி நெடுக அவருக்கு வேறொரு புலம்பலும் இருந்தது. ஏசி ரூமில் மாத்திரை போட்டுப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லையாம்.

கூடத்தைப் பார்க்கப் போனது மே மாத மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. பார்த்துப் பார்த்துத் தயார் செய்த பேச்சை வல்லி ஆரம்பித்தாள். சக்சேனா கேட்டாரா? ஒரு தூணோரம் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். முற்றத்துக் காற்று முகத்தில் பட்டதும் அப்படியே தரையில் சாய்ந்தார். புருஷனுக்கு ஆபரேஷன் என்று வந்திருந்த மூக்கம்மா, தன் துணிப்பையை அவர் தலைக்கு நகர்த்திக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை!

வல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அநியாயத்தைப் பாத்தீங்களா மேடம்? ஒரு படம்கூட எடுக்கலை. போய் எழுப்புறேன்."

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உட்காரு."

"மானம் போகுது மேடம்."

"உட்காருன்னா உட்காரு."

வல்லி உட்கார்ந்தாள். டீக்காரர் குரல் கேட்டுத்தான் சக்சேனா கண் திறந்தார். எழுந்து, மூக்கம்மாவைப் பார்த்து அசட்டுத்தனமாகக் கும்பிட்டுவிட்டு ஷூவைத் தேடினார்.

அன்று சாயங்காலமே முடிவு செய்ய உட்கார்ந்தார்கள்.

"அங்கே என்ன இருக்கு?" என்றார் சக்சேனா. "சுவர் இருக்கு, கூரை இருக்கு, காத்து வருது. இதுல கலை எங்கே இருக்கு?"

வல்லி வாயைத் திறந்தாள். மேடம் முந்திக்கொண்டார்.

"சக்சேனா, மத்தியானம் நல்லாத் தூங்குனீங்களா?"

"அதை ஏன் கேக்குறீங்க!" மனிதர் முகமெல்லாம் மலர்ந்தது. "இப்படித் தூங்கி வருஷக்கணக்காச்சு. அதுவும் வெறுந்தரையில, முன்பின் தெரியாதவங்களுக்கு நடுவுல..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சரி," என்றார். "கூடத்துக்கே கொடுங்க."

வல்லிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் மேடத்தை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். சேதி கேட்டதும் மூக்கம்மா எழுந்து வந்தாள்.

"அப்போ இடிக்க மாட்டாகல்ல தாயி?"

"நாட்டுக்கே பெரிய விருது வாங்குன கட்டடம்க்கா! இனிமே எவன் கை வைப்பான்?"

ஒருத்தர் விசில் அடித்தார். தூங்கின பிள்ளைகள் எழுந்து, என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டின. மூக்கம்மா ஆஸ்பத்திரி ரொட்டியைப் பிய்த்து வல்லியின் வாயில் திணித்தாள். வல்லி அழுதாள், சிரித்தாள். நாமும் ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது கேட்டாள்.

"மேடம், நான் எழுப்பப் போனப்போ ஏன் தடுத்தீங்க?"

"பின்னே?" என்றார் மேடம். "இத்தனை ஊர் சுத்துனதுல, அந்த மனுஷன் அப்பத்தானே வேலை பாத்துக்கிட்டிருந்தார்!"