அமலோற்பவத்தின் நடுக்கம்

தூத்துக்குடியில் எடை தூக்கும் சிஷ்யை ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு குரு. சிஷ்யை அமலோற்பவத்துக்கு வயசு முப்பத்திமூணு, குரு ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு. சிரிக்காதீங்க. தலைக்கு மேலே எடையோடு நிற்கிறவளிடம் யார் போய் வயசு கேட்கப் போகிறார்கள்? சிஷ்யை "மாஸ்டர்" என்பாள், குரு "அக்கா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அமலோற்பவத்துக்குப் பலத்தில் குறைச்சலே கிடையாது. இரண்டு முனையிலும் எடை மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, நெஞ்சு வரைக்கும் கொண்டுவருவது அவளுக்கு ஊதித் தள்ளுகிற வேலை. தலைக்கு மேலே போனதும்தான் வம்பு. அங்கே அசையாமல் நிற்க வேண்டும், நின்றால்தான் நடுவர் இறக்கச் சொல்வார். அதற்குள் பார் சரிந்துவிடும். போன போட்டியிலும் இதே கதை, அதற்கு முந்தினதிலும் இதே கதை. இந்த முறையும் விழுந்தால் மாவட்ட அணியிலிருந்து பேரை எடுத்துவிடுவோம் என்று சங்கச் செயலர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பாவம், அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெனிட்டா பாரை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை கொடுத்தாள். ஒரு கையில் மட்டும் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு சாயாமல் நடக்க வேண்டும். மடித்த சாக்கின் மேல் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நீட்டிப் பிடிக்க வேண்டும். அமலோற்பவம் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, விறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தாள்.

"மூச்சு விடுங்கக்கா."

"விட்டா ஆடுது மாஸ்டர்."

"ஆடட்டும்."

இதென்ன கூத்து! ஆடாமல் நிற்கக் கற்றுக்கொள்ள வந்தவளிடம் ஆடட்டும் என்றால்? அமலோற்பவம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மூச்சை இன்னும் இறுக்கினாள்.

மாவட்ட அணித் தேர்வுப் போட்டி நாள் வந்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் பார் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழுந்தது. இரண்டாவதில் முன்னால் விழுந்தது. அடுத்து வேறு சிலர் தூக்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் நேரம் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் வந்து சுவரில் சாய்ந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மேல போனதும் எனக்கு உள்ளுக்குள்ள லேசா ஒரு நடுக்கம் கிளம்புது. அதை அடக்கத்தான் இறுக்கிப் பிடிக்கேன். பிடிச்சா மொத்தமா சாய்ஞ்சிருது. நீங்க மட்டும் எப்படி நடுக்கமே இல்லாம நிக்கிறீங்க?"

ஜெனிட்டா தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டாள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அங்கே வைத்திருந்த பாரை நெஞ்சுக்கு ஏற்றி, அப்படியே தலைக்கு மேலே நிறுத்தினாள். பார் அசையவில்லை.

"என் இடுப்புல கைய வைங்க."

அமலோற்பவம் கூச்சத்தோடு இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி மாதிரி உள்ளே படபடவென்று இருந்தது. வலப்பக்கம் ஒரு துடிப்பு, உடனே இடப்பக்கம், அப்புறம் முதுகில், அப்புறம் வயிற்றில். கொஞ்சமும் ஓயவில்லை. அண்ணாந்து பார்த்தால் பார் சும்மா நிற்கிறது!

"மாஸ்டர், நீங்களும் நடுங்குறீங்களே!"

"நடுங்கலன்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

ஜெனிட்டா பாரை இறக்குவதற்கும் ஒலிபெருக்கியில் அமலோற்பவத்தின் பேரைக் கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

மேடையேறினாள். பார் நெஞ்சுக்கு வந்தது, தலைக்கு மேலே போனது. வழக்கம்போல உள்ளே நடுக்கம் கிளம்பியது. வந்தால் வந்துட்டுப் போ என்று விட்டுவிட்டாள். அது இடப்பக்கம் ஓடியது, இடுப்பும் கூடவே ஓடிப் பிடித்தது. வலப்பக்கம் ஓடியது, அங்கேயும் பிடித்தது. மூச்சு மெல்ல வந்துபோனது. மேலே பார் நின்றது.

இறக்கலாம் என்று நடுவர் கைகாட்டினார். கூட்டம் கைதட்டியது. செயலரும் தட்டினார், தட்டாமல் என்ன செய்வார்?

அமலோற்பவம் ஓடிவந்து ஜெனிட்டாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கண்ணைத் துடைத்து மூக்கைச் சிந்திய பிறகுதான் அவளுக்கு அடுத்த சந்தேகம் முளைத்தது.

"மாஸ்டர், என்னைக்காவது ஒருநாள் இந்த நடுக்கம் நிக்குமா?"

"நிக்கும்க்கா."

"எப்போ?"

"பாரைக் கீழ போட்டதும்."