மஞ்சப்பையின் காது

தொற்று வந்து ஊரை அடைத்துப் போட்டிருந்த காலம். ஆற்றங்கரை மடத்தில் மூன்று பேர்தான் மிச்சம். குரு மங்கையர்க்கரசி அம்மை. அவரைவிட வயதில் மூத்த சீடர் ஆவுடையப்பன். அப்புறம், மூச்சிரைப்பால் கட்டிலோடு கிடந்த சண்முகவேல் ஐயா.

கடைக்குப் போவதும் ஆவுடையப்பன்தான், ஐயாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் அவர்தான். அதுவே அவருடைய தூக்கத்தைத் தின்றது. தான் வாங்கி வரும் கத்தரிக்காயோடு நோயும் கூடவே வந்து ஐயாவைக் கொண்டுபோய்விடும் என்று பயம். கண்ணில் பட்டதையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கினார். தக்காளியையும் விடவில்லை, கொத்துமல்லியையும் விடவில்லை. ஒருநாள் ரசம் நுரைத்தது.

அம்மை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஆவுடையப்பன், ரசமா, துணி அலசின தண்ணீரா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முடியலை அம்மா. நான் மாட்டுத் தொழுவத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். ஐயாவை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்."

"வேறு யார்?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒருதரம் கடைக்குப் போய் வாருங்கள். காய்க்கு வெறும் தண்ணீர் போதும். தொழுவத்தை அப்புறம் பார்க்கலாம்."

மறுநாள் அம்மையே மஞ்சப்பையை எடுத்து நீட்டினார். ஆவுடையப்பன் முகக்கவசத்தை இழுத்துக் கட்டினார். விட்ட மூச்சு கண்ணாடியில் படிந்து, உலகமே மார்கழி விடியலாகிவிட்டது.

கடைவாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். பின்னால் ஒருவர் நெருங்குவதுபோல் இருந்தது.

"தள்ளி நில்லும்வே!"

"வட்டத்துக்குள்ள நான்தான் நிக்கேன். நீருதான் வெளிய நிக்கீரு!"

திரும்பி வந்து மடத்துக் கதவைத் திறந்தார். காய்களைத் தொட்டித் தண்ணீரில் கவிழ்த்து, பையை வெயிலில் போட்டார். கவசத்தைக் கழற்றிவிட்டுப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்தார். அரித்த மூக்கைச் சொறிந்தார். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு எல்லாம் ஒரே வெளிச்சம்தான்.

கை கழுவாமல் அடுப்படிக்குள் கால் வைப்பதில்லை. நோய்க்கு முந்தியே வந்த பழக்கம் அது. குழாயடியில் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். பிறகு கஞ்சி காய்ச்சி ஐயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வெளியே வந்தபோது, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு அம்மை நின்றார்.

"போட்டுக்கொண்டு என்னோடு வாருங்கள்."

வெள்ளைக் கதவில் மஞ்சளாய் விரல் தடங்கள். பானை மூடியில் மஞ்சள். சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்தார்: மூக்கு நுனியில் மஞ்சள்.

"காலையில் பையின் காதில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன்" என்றார் அம்மை. "மஞ்சப்பையில் மஞ்சள் தெரியுமா?"

"ஐயோ, ஐயா!"

ஓடினார். ஐயாவின் கதவைப் பார்த்தார். கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். கரண்டி, தலையணை, வாய் துடைத்துவிட்ட வெள்ளைத் துண்டு. எதிலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

"என்னடே, கிண்ணத்தைத் தலைகீழாக் கவுத்துப் பாக்கே?" என்றார் ஐயா. "காலிதான். இன்னும் இருந்தாக் கொண்டா."

ஆவுடையப்பன் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"வாசல்வரை வந்தது அம்மா, மூக்குவரை வந்தது. அங்கே மட்டும் போகவில்லை. எங்கே நின்றது?"

அம்மை குழாயடியைக் காட்டினார். வெள்ளைச் சோப்பின் மேல், மஞ்சள் பட்ட இடமெல்லாம் குங்குமமாய்ச் சிவந்திருந்தது.

ஆவுடையப்பன் சோப்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அப்படியானால் அம்மா... நான் தொழுவத்துக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா?"

"முதலில் மூக்கைக் கழுவுங்கள்" என்றார் அம்மை. "ஐயா இரண்டாம் கிண்ணம் கேட்கிறார்."