ஆறு நாள் மூச்சு

கடலோரப் புதுத்தோப்பில் நான்கு அறைகள் கொண்ட ஒரு மடம் இருந்தது. அதை நடத்தியவர் மெய்யம்மை. வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் தணிகைவேலுக்கு அறுபத்து மூன்று. முப்பத்து மூன்று வருடம் மின்சாரத் துறையில் இன்ஜினியராக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். ஊரார் அவரைச் சார் என்பார்கள். அவர் மெய்யம்மையை அம்மை என்பார்.

போன புயலில் ஊருக்குப் பதினேழு நாள் கரண்டு இல்லை. தண்ணீர் டேங்க் காய்ந்தது. ஐஸ் இல்லாமல் மீன் அழுகியது.

"அடுத்த புயலுக்குள்ள ஊர் கூடிப் பேசணும்" என்றார் மெய்யம்மை. "கரண்டு இல்லாம எப்படி இருக்கிறது, இருக்கும்போது எப்படிக் குறைச்சுச் செலவழிக்கிறதுன்னு பேசட்டும். நீங்க நடத்துங்க."

தணிகைவேல் ஆர்வமாகத்தான் தொடங்கினார். சமுதாயக் கூடத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். சுவரில் பெரிய பெரிய படங்கள் மாட்டினார். எந்த பல்புக்கு எவ்வளவு கரண்டு செலவாகும், கூரையில் சோலார் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், எல்லாம் மைக்கில் விளக்கினார். ஜனங்கள் தலையாட்டினார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆறாவது கூட்டம் முடிந்ததும் மடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"இவங்களுக்கு அக்கறையே இல்ல அம்மை. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கல."

"நீங்க கேட்டீங்களா?"

"நானா? நான் என்ன கேட்கிறது? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அடுத்த ஞாயிறு மெய்யம்மையும் கூட்டத்துக்கு வந்தார். தணிகைவேல் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மெய்யம்மை எழுந்து மெயின் போர்டு பக்கம் போனார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

மைக் பாதி வார்த்தையில் செத்தது. ஃபேன்கள் சுற்றிச் சுற்றி நின்றன.

"அம்மை! என்ன இது?"

"புயல் வந்துடுச்சு" என்றார் மெய்யம்மை.

சிரிப்பு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்ப் புழுக்கம் வந்தது. விசிறிக்கொண்டு பார்த்தார்கள். முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து கடற்கரையில் இருந்த வலைக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே காற்று வந்தது. நாற்காலி இல்லை. வலைகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக மணலில் உட்கார்ந்தார்கள். தணிகைவேலும் உட்கார்ந்தார்.

மெய்யம்மை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கரண்டு போனா உங்க வீட்ல முதல்ல எது நிக்கும்?"

பக்கத்தில் இருந்தவரிடமிருந்து பதில் வரிசையாக வந்தது. ஃபேன். மிக்ஸி. செல்போன். டீக்கடை முகைதீன், "பால் வச்சிருக்கிற ஃபிரிட்ஜ்" என்றார். ஒரு பெண், "சீரியல்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது சிங்காரவல்லியின் முறை. கருவாடு விற்கிறவள். இத்தனை கூட்டத்துக்கும் வந்தவள், வாயைத் திறந்ததில்லை.

"எங்க வூட்ல அவரு மூச்சு நிக்கும்" என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் கணவர் வைரக்கண்ணுவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. நான்கு மாதமாக வீட்டில் ஆக்சிஜன் மெஷின். இரவும் பகலும் ஓட வேண்டும். அரைமணி நேரம் நின்றால் உதடு நீலமாகிவிடும். உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் தெரியும். மெஷின் விஷயம் தெரியாது.

"ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?" என்றார் தணிகைவேல்.

"நீங்க பல்பு பத்திப் பேசிட்டிருந்தீங்க சார். நடுவுல எப்படிச் சொல்றது?"

தணிகைவேலின் தலை குனிந்தது.

முகைதீன்தான் முதலில் பேசினார். "எங்கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு. அந்த பேட்டரிய எடுத்துக்கலாம். சார், அது எவ்வளவு நேரம் தாங்கும்?"

அதுதான் தணிகைவேலுக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் கேள்வி. "மூணு மணி நேரம்" என்றார்.

"பதினொரு வூட்ல இன்வெர்ட்டர் இருக்கு" என்றது ஒரு குரல். "கரையில நிக்கிற போட்டுங்க பேட்டரியும் இருக்கில்ல" என்றது இன்னொன்று. "தீர்ந்தத எங்க ஏத்துறது?" "மடத்துக் கூரையில சோலார் இருக்கு." "மழையில அது எங்க ஏறும்? போட்டு இன்ஜின ஓடவிட்டு ஏத்தலாம்."

பொழுது சாயும்வரை பேசி, யார் எப்போது பேட்டரி கொண்டுவருவது என்று பட்டியல் போட்டார்கள்.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பாலத்துக்கு மேல் வெள்ளம் ஓடியது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தணிகைவேல் சிங்காரவல்லியின் வீட்டு வாசலிலேயே இருந்து வயர்களை மாற்றிக் கொடுத்தார்.

பேட்டரிகள் வந்தன. தோளில் வந்தன. சைக்கிள் கேரியரில் வந்தன. முழங்கால் தண்ணீரில் இரண்டு பெண்கள் ஒன்றைத் துணியில் தொட்டில்போலக் கட்டித் தூக்கி வந்தார்கள். ஒன்று தீருவதற்குள் அடுத்தது வாசலில் இருந்தது. பதினொரு வீட்டிலும் ஃபேன் இல்லை, வெளிச்சம் இல்லை. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் பேட்டரி கொஞ்சம் தாமதமானது. மெஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. சிங்காரவல்லி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். வந்தவர் பொன்னுரங்கம். வேலித் தகராறில் பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். பேட்டரியை இறக்கி வைத்தார். தணிகைவேல் வயரை மாட்டினார். மெஷின் ஓடியது. பொன்னுரங்கம் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வைரக்கண்ணுவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே இருந்தார். நனைந்த சட்டை உடம்பிலேயே காய்ந்தது.

ஒரு மனிதனின் மூச்சை ஓர் ஊரே கைமாற்றி விட்டுக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் வெள்ளம் வடிந்து ஆம்புலன்ஸ் வந்தது. வைரக்கண்ணு கண் திறந்து, படுத்தபடியே சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

தணிகைவேல் மடத்துக்குத் திரும்பினார். மெய்யம்மை ஈரப் பாய்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மை, நான் போட்ட பிளான்ல இது ஒண்ணுகூட இல்ல. யார் எப்ப வரணும்னு பட்டியல் போட்டோம். முதல் நாளே மழையில அது நாஸ்தியாயிடுச்சு. ஆனா ஒருத்தர்கூட வராம இருக்கல. அத்தனை பேருக்கும் எப்படித் தோணுச்சு?"

"நீங்களும் அங்கதானே இருந்தீங்க. உங்களுக்கு என்ன தோணுச்சு?"

தணிகைவேல் யோசித்தார்.

"ஒண்ணும் தோணல அம்மை. அவருக்கு அடுத்த மூச்சு வரணும். அது மட்டும்தான்."

மெய்யம்மை கடைசிப் பாயை உதறிப் போட்டார்.

"எல்லாருக்கும் அதுதான் தோணியிருக்கும்."